கரும்புக்காட்டு நடுவே ஜெர்மன் கோயில்: மிட்லண்ட்ஸ் நிலம் யார் கைக்குப் போகும்?

கையகப்படுத்தல் சட்டத்தில் 2025 ஜனவரி 23ஆம் தேதி தென்னாப்பிரிக்க அதிபர் ரமபோசா கையெழுத்துப் போட்டதிலிருந்து ஒரு பேச்சு ஓயவே இல்லை. பண்ணை நிலத்தை எல்லாம் காசு கொடுக்காமல் அரசு பிடுங்கப்போகிறது, முதலில் குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் உள்நாட்டு மேட்டுப் பகுதியான மிட்லண்ட்ஸில் ஜெர்மன்காரர்களின் பண்ணை போகும், அவர்கள் கோயில் (கிறிஸ்தவ ஆலயம்) போகும், அப்புறம் டர்பனுக்கு வடக்கே உள்ள கடலோரமான நார்த் கோஸ்டில் நம் தமிழ் ஆட்களின் கரும்புத் தோட்டம் போகும் என்கிறார்கள். அதே வருஷம் பிப்ரவரி 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் தென்னாப்பிரிக்காவுக்கான உதவியை நிறுத்தி, ஆப்பிரிக்கானர்களுக்கு (டச்சு வழிவந்த வெள்ளையர்களுக்கு) அகதி இடம் தருவதாக உத்தரவு போட்டதும் பயம் இன்னும் கூடிவிட்டது.

இந்தப் பேச்சுக்குள் நாலு வெவ்வேறு சட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கு வடகிழக்கே வார்ட்பர்க், நியூ ஹனோவர், டால்டன், ஹெர்மன்ஸ்பர்க் என்று நீளும் லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட்) விவசாய ஊர்களை எடுத்துக்கொண்டு பார்த்தால் சிக்கல் பிரியும், ஏனென்றால் அங்கே கோயிலும் பண்ணையும் கிட்டத்தட்ட ஒரே குடும்பக் கணக்கு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சபைகளின் தலையெழுத்தை மாற்றப்போவது இந்தப் புதிய சட்டம் என்று நான் நினைக்கவில்லை. 1996இல் வந்த, இன்று யாரும் பேசாத ஒரு சட்டமும், சர்க்கரை மில்லில் கிடைக்கும் கரும்பு விலையும்தான் அதைச் செய்யும்.

## இந்த ஜெர்மன்காரர்கள் எப்படி வந்தார்கள்

இரண்டு கூட்டமாக வந்தார்கள்.

1. 1848இல் ஜோனாஸ் பெர்க்தைல் என்ற யூத வணிகர் பருத்தி பயிரிடுவதற்காக வட ஜெர்மனியிலிருந்து சில பத்துக் குடும்பங்களைக் கப்பலில் கொண்டுவந்தார். பருத்தி எடுபடவில்லை. வந்தவர்கள் டர்பனுக்குப் பக்கத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். இன்றைய நியூ ஜெர்மனி அந்த இடம்தான். பெர்லின் மிஷன் போதகர் போசெல்ட் அவர்களுக்குச் சபை நடத்தினார்.

2. 1854இல் வந்தவர்கள் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன்காரர்கள். ஜெர்மனியின் லூனபர்க் பகுதியில் லூயிஸ் ஹார்ம்ஸ் என்ற கிராமத்துப் போதகர் 1849இல் தொடங்கிய மிஷன் அது. சொந்தமாக ஒரு கப்பலே கட்டி, வேதத்தில் வரும் எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பெயரை வைத்து, எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் போகக் கிளம்பினார்கள். கிழக்குக் கரையில் உள்ளே விடவில்லை. திரும்பி, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலுக்கு வந்து கிரேடவுனுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையை வாங்கி, அதற்குத் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 1856இல் அங்கே பள்ளி தொடங்கியது, பின்னாளில் தென்னாப்பிரிக்க யூனியனின் முதல் பிரதமரான லூயிஸ் போத்தா சிறுவயதில் அங்கே படித்தவர்.

இந்த இரண்டாவது கூட்டத்தில் கவனிக்க வேண்டியது, போதகர்களோடு தச்சர், கொல்லர், உழவர் என்று கைத்தொழில்காரர்களையும் ஹார்ம்ஸ் சேர்த்தே அனுப்பினார். ஊழியமும் உழவும் முதல் நாளிலிருந்தே ஒரே கூரையின் கீழ் இருந்தன. பின்னால் குடும்பங்கள் பெருகி, மிஷன் நிலத்திலிருந்து வெளியே வந்து சொந்தப் பண்ணை வாங்கி, போன இடமெல்லாம் ஒரு கோயிலும் ஒரு பள்ளியும் ஒரு கல்லறைத் தோட்டமும் வைத்தார்கள். லுத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த கோட்டையின் பெயரைத்தான் வார்ட்பர்க் தாங்கி நிற்கிறது.

பயிர் பலமுறை மாறியிருக்கிறது. தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1860களில் வந்தது, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க மிட்லண்ட்ஸை வாழவைத்தது. பட்டைக்குக் கிராக்கி குறைந்ததும் கரும்பு ஏறியது.

## நமக்கும் நிலம் தருவதாகச் சொன்னார்கள்

இந்தக் கதையை நம்மவர்கள் ஏதோ வெள்ளைக்காரன், சூலு விவகாரம் என்று தள்ளி வைத்துவிட முடியாது. பெர்க்தைலின் குடியேறிகள் வந்து 12 வருஷம் கழித்து, 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரைக்கும் 1,52,000க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக, தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

1870ஆம் வருஷச் சட்டப்படி, பத்து வருஷம் முடித்தவர் ஊருக்குத் திரும்பும் இலவசக் கப்பல் பயணத்தை விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு அரசு நிலம் கேட்கலாம். மிகச் சிலருக்கே கிடைத்தது, 1891இல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குகிறவர் தலைக்கு வருஷம் மூன்று பவுண்ட் வரி என்று வைத்தார்கள். அது 1914இல்தான் நீங்கியது. எப்படியோ பாடுபட்டு நிலம் வாங்கியவர்களை, இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1943 சட்டமும், 1946 சட்டமும், இனவாரியாக வசிப்பிடம் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டமும் துரத்தின. டர்பனின் கேட்டோ மேனரில் வாழையும் காய்கறியும் போட்ட நம் குடும்பங்கள் வீட்டையும் கோயிலையும் விட்டு வெளியேறியது இந்தச் சட்டங்களால்தான்.

ஆக, ஒரே காலனியில் ஒருவருக்கு நிலம் நிலைத்தது, இன்னொருவருக்குச் சொன்ன நிலம் பறிபோனது, ஏற்கெனவே அங்கே வாழ்ந்த சூலு மக்கள் தங்கள் மண்ணிலேயே குடியிருக்க வேலை செய்து கொடுக்க வேண்டியவர்கள் ஆனார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இன்றைய சட்டம் எதுவும் புரியாது.

## ஒரே சுற்றுவட்டாரத்தில் ஏன் இத்தனை லுத்தரன் சபை

தரங்கம்பாடி வழியாக லுத்தரன் சபையை அறிந்த தமிழர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஒரே ஞானோபதேசம், ஒரே ஞானப்பாட்டு, பத்து நிமிஷ தூரத்துக்குள் வெவ்வேறு சபைகள். பிரிவு இரண்டு வழியாக வந்தது.

முதலாவது கொள்கைச் சண்டை. ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் அரசுத் திருச்சபையோடு 1890இல் சமாதானம் செய்துகொண்டதை இங்கே சில சபைகள் ஏற்கவில்லை. 1892இல் பிரிந்து போய்ச் சுயாதீன லுத்தரன் சினோடு (சபைகளின் கூட்டமைப்பு) அமைத்தார்கள். கிர்ஷ்டோர்ஃப் சபை அந்தப் பக்கம். மீதி இருந்த ஜெர்மன் சபைகள் 1981இல் டிரான்ஸ்வால் சபையோடு இணைந்து நேட்டால்-டிரான்ஸ்வால் லுத்தரன் சபை ஆயின.

இரண்டாவது நிறம். இதுதான் பெரிது, இதைத்தான் பலர் மெல்லிய குரலில் கடந்து போகிறார்கள். மிஷன் சூலு மக்களுக்கு என்று தனிச் சபைகள் வைத்தது, அவை வளர்ந்து, 1975இல் நாட்டின் மற்ற மிஷன் சபைகளோடு சேர்ந்து தென்னாப்பிரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை ஆயின. ஜெர்மன் சபைகள் அதில் சேரவில்லை. பண்ணைக்காரரும் அவர் பண்ணையில் வேலை செய்கிறவரும் ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு கட்டடத்தில்.

உலக லுத்தரன் கூட்டமைப்பு 1977இல் தார் எஸ் சலாமில் கூடி, நிறப் பிரிவினையை எதிர்ப்பது அரசியல் விருப்பு வெறுப்பு சம்பந்தப்பட்டதல்ல, விசுவாசத்தையே தொடுகிற விஷயம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், அந்த நிலைப்பாட்டுக்கு வராத இரண்டு வெள்ளையர் சபைகளை, கேப் சபையையும் நமீபியாவின் ஜெர்மன் சபையையும், இடைநீக்கம் செய்தது. லுத்தரன் பேராயர் மனாஸ் புத்தெலேசி அந்தக் காலத்தில் நிறப் பிரிவினையை எதிர்த்துப் பேசியதும், ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் வட்டாரத்திலிருந்தே வந்த வோல்ஃப்ராம் கிஸ்ட்னர் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தில் நீதிப் பிரிவை நடத்தியதும் சின்ன விஷயங்கள் அல்ல. உள்ளேயிருந்தே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இருந்தும் கட்டமைப்பு இன்றுவரை பெருமளவு அப்படியே நிற்கிறது, ஆங்கில ஆராதனை வந்து கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## சபைக் கணக்கும் மில் கணக்கும்

அறுப்பின் பண்டிகைக்கு இந்தக் கோயில்களில் பீடத்தைச் சுற்றிக் கரும்பும் சோளமும் பூசணியும் அடுக்குவார்கள், பித்தளை ஊதுகுழல் குழு பாட்டு வாசிக்கும். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கரும்புதான் போதகர் சம்பளமும் என்பதை இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அரசே உறுப்பினர்களிடம் சபை வரி வசூலித்துச் சபைக்குக் கொடுப்பது ஜெர்மனி வழக்கம், இங்கே அது கிடையாது. உறுப்பினர் சந்தாவும் காணிக்கையும் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நூறு குடும்பம் இருந்த சபை அறுபதாகச் சுருங்கினால், பக்கத்துச் சபையோடு ஒரே போதகரைப் பகிர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் குடும்பங்களின் வருமானம் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

1. மிட்லண்ட்ஸ் உயரமான, குளிரான இடம். கடற்கரையில் கரும்பு ஒரு வருஷத்தை ஒட்டி வெட்டுக்கு வந்துவிடும், இங்கே இரண்டு வருஷம் வரை ஆகும். தாழ்வான பள்ளங்களில் உறைபனி விழுந்தால் பயிர் கருகும். அதாவது ஒரு வயலில் போட்ட பணம் திரும்பி வர இரண்டு குளிர்காலம் தாண்ட வேண்டும்.

2. மில் எடைக்கு மட்டும் பணம் தருவதில்லை. லாரியிலிருந்து மாதிரி எடுத்து, சாற்றில் சர்க்கரை எவ்வளவு, நாரும் கழிவும் எவ்வளவு என்று பார்த்து, எடுக்கக்கூடிய சர்க்கரையின் மதிப்புக்கு விலை போடுகிறார்கள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க அந்த மதிப்பு இறங்கும். மில் ஒரு நாள் நின்றுபோனாலும் விவசாயி பையில்தான் கை வைக்கிறது.

3. 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்ததும் பானக் கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன. 2020இல் நார்த் கோஸ்டில் டார்னல் மில்லும் சவுத் கோஸ்டில் உம்சிம்குலு மில்லும் நின்றன. 2021 ஜூலைக் கலவரத்தில் கரும்பு வயல்கள் எரிந்தன. 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனி திவாலைத் தவிர்க்கும் மீட்பு நடவடிக்கைக்குப் போனது.

வார்ட்பர்க் பகுதிக்கு நூட்ஸ்பர்க்கில் இலோவோ கம்பெனியின் மில் இருக்கிறது, அதனால் கடற்கரை அளவுக்கு அடி விழவில்லை. ஆனாலும் அடுத்த தலைமுறை எல்லாருக்கும் பண்ணையில் இடம் இல்லை. சிலர் யூகலிப்டஸுக்கும் அவகாடோவுக்கும் மாறுகிறார்கள், சிலர் கேப் டவுனுக்கோ ஜெர்மனிக்கோ போகிறார்கள். ஒரு பண்ணை பக்கத்துப் பண்ணைக்கு விலை போகும்போது கோயிலில் ஒரு வரிசை காலியாகிறது. இதற்கு எந்த அரசு அறிவிப்பும் தேவைப்படவில்லை.

## நாலு சட்டம், நாலு வேலை

1. கையகப்படுத்தல் சட்டம். 1975ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அரசு ஒரு சொத்தைப் பொதுக் காரியத்துக்கோ பொது நலனுக்கோ எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்ற நடைமுறைதான் இது. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு ஏற்கெனவே நியாயமான இழப்பீடு கேட்கிறது. சந்தை விலை அதில் ஒரு அம்சம் மட்டுமே, நிலம் எப்படிக் கைக்கு வந்தது, இப்போது எதற்குப் பயன்படுகிறது, அரசு அதில் எவ்வளவு போட்டது என்பதெல்லாம் சேரும். அந்த 25ஆவது பிரிவையே மாற்ற 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் முயன்றார்கள், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றது.

புதிய சட்டம் சில நிலைகளில் இழப்பீடு பூஜ்யமாகவும் இருக்கலாம் என்கிறது. பயன்படுத்தாமல், விலை ஏறட்டும் என்று மட்டும் வைத்திருக்கும் நிலம், கைவிடப்பட்ட நிலம், அரசு போட்ட பணமே சந்தை விலைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும் நிலம் ஆகியவை உதாரணம். இந்தப் பட்டியல் முடிவானதல்ல என்றும் சட்டமே சொல்கிறது, அதனால் கவலைப்படுகிறவர்களை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பேரம் பேசிப் பார்க்க வேண்டும், தகராறு என்றால் கோர்ட் முடிவு செய்ய வேண்டும். கரும்பு நிற்கிற வயலும் ஞாயிறுதோறும் மணி அடிக்கிற கோயிலும் அந்த உதாரணங்களில் எதிலும் அடங்காது.

2. நில மீட்புச் சட்டம், 1994. 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் திரும்பக் கேட்பதற்கானது. 1998 டிசம்பர் 31க்குள் மனு போட்டிருக்க வேண்டும். 2014இல் மறுபடி திறந்தார்கள், போதுமான பொதுக் கருத்துக் கேட்பு இல்லை என்று 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நேட்டாலில் பெரும்பாலான நிலம் 1913க்கு முன்பே, காலனி ஆட்சியில் கைமாறியது என்பதால் மிட்லண்ட்ஸில் பல குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. நம்மில் பலர் மறப்பது, கேட்டோ மேனரை இழந்த இந்தியக் குடும்பங்களும் இதே சட்டத்தில்தான் மனு போட்டார்கள். நில மீட்பு என்றால் நமக்கு எதிரான ஒன்று என்று பேசுகிறவர்கள் தங்கள் தாத்தா பாட்டி எங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்று வீட்டில் விசாரித்துப் பார்க்கட்டும்.

3. உழைப்புக் குத்தகையாளர் சட்டம், 1996. நான் முதலில் சொன்னது இதைத்தான். மிட்லண்ட்ஸ் பண்ணைகளில் 'இசித்துபா' என்று ஒரு முறை இருந்தது. குடும்பத்தில் ஒருவர், பல வீடுகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பையனே, வருஷத்தில் ஆறு மாதம் பண்ணைக்காரருக்கு உழைப்பார், சம்பளம் கிடையாது, அல்லது பெயருக்கு ஏதோ கிடைக்கும். பதிலுக்குக் குடும்பம் அங்கே குடிசை போட்டுக்கொள்ளலாம், கொஞ்சம் சோளம் விதைக்கலாம், மாடு மேய்க்கலாம். வேலைக்கு வர மறுத்தால் குடும்பத்தோடு வெளியே. மூன்று தலைமுறை ஒரே மலைச்சரிவில் இருந்தவர்களுக்கும் காகிதத்தில் ஒரு அடி நிலம் இல்லை.

இப்படி வாழ்ந்தவர்கள் தாங்கள் பயன்படுத்திய துண்டு நிலத்துக்கே உரிமையாளர் ஆகலாம் என்பது 1996 சட்டம். பண்ணைக்காரருக்கு நியாயமான இழப்பீட்டுக்கும் அதில் வழி இருக்கிறது. 2001 மார்ச் 31க்குள் ஆயிரக்கணக்கானவர்கள் மனு கொடுத்தார்கள். அப்புறம் நிலத் துறை அந்த மனுக்களை அப்படியே கிடப்பில் போட்டது. ஹில்டன் காலேஜ் நிலத்தில் வாழ்ந்த குடும்பங்கள், பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் கிராமப்புற முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து வழக்குப் போட்டன. 2019 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம், துறை தன் கடமையில் முழுக்கத் தவறியது என்று கண்டு, மனுக்களை நகர்த்த ஒரு சிறப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. மனு போட்ட பெரியவர்கள் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். இது எனக்கு ஆத்திரம் வரவைக்கிற விஷயம், ஏனென்றால் இங்கே சட்டமும் இருந்தது, இழப்பீட்டு வழியும் இருந்தது, வேலை மட்டும் நடக்கவில்லை.

4. குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், 1997. பண்ணையில் அனுமதியோடு குடியிருப்பவரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. பத்து வருஷம் குடியிருந்து 60 வயது ஆனவருக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகம். அங்கே வழக்கமாக அடக்கம் செய்துவந்த குடும்பம், அந்த நிலத்தில் வாழ்ந்து இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்யவும், கல்லறைக்குப் போய்வரவும் உரிமை உண்டு. பல பண்ணைகளில் சண்டை தொடங்குவது இந்தக் கல்லறையில்தான். மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் முன்னோரைப் புதைத்தவர்களுக்கு அது குடும்பத்தின் பத்திரம், பண்ணைக்காரருக்கோ அது நாளைய நில மனுவுக்கு ஆதாரம் என்ற பயம்.

## கோயில் நிலம் என்ன ஆகும்

சபை நிலத்துக்கும் தனி விலக்கு எதுவும் கிடையாது, பண்ணைக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். மிஷன் ஒரு காலத்தில் பெரிய நிலக்காரராக இருந்தது, அதன் நிலத்திலும் குடும்பங்கள் குடியிருந்தன. கோயில், பள்ளி, கல்லறைத் தோட்டம் நிற்கும் சில ஏக்கரைப் பற்றி யாரும் பதற வேண்டியதில்லை. சபைப் பெயரில் வாடகைக்கு விட்ட வயல் இருந்தால், அங்கே குடியிருப்பவர்களின் பழைய மனு ஏதாவது கிடப்பில் இருக்கிறதா என்று சபை மூப்பர்கள் இப்போதே பார்ப்பது நல்லது. ஒரு சபைக்கு இந்த விஷயத்தில் அரசை விட வேகமாக நடக்க முடியும், நடந்தால் பக்கத்துச் சூலு லுத்தரன் சபையோடு பேச ஒரு வாய் திறக்கும். கோர்ட் நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பது லுத்தரன் சபை ஒன்றுக்கு அழகில்லை என்பது என் எண்ணம்.

## நம் கரும்பு விவசாயிகளுக்கு

டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் 20, 30 ஹெக்டேர் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விக்கு நேரான பதில் இது.

1. பயிர் நிற்கிற நிலத்துக்குப் புதிய சட்டத்தால் உடனடி ஆபத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. பல வருஷம் தரிசாகப் போட்டு, விலை ஏறும் என்று மட்டும் வைத்திருந்தால் யோசிக்க வேண்டும்.

2. தோட்டத்தில் பழைய வேலையாள் குடும்பம் குடியிருந்தால் நாலாவது சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி அவர்களை வெளியேற வைக்கப் பார்ப்பதும் சட்டப்படி வெளியேற்றம்தான், கோர்ட் அப்படித்தான் பார்க்கும்.

3. தாத்தா பெயரிலேயே நிலப் பத்திரம் கிடக்கிறது, பங்காளிகள் ஆறு பேர், யாரும் மாற்றவில்லை என்ற நிலை நம் வீடுகளில் சகஜம். இழப்பீடோ, விற்பனையோ, வங்கிக் கடனோ, எதற்குப் போனாலும் முதலில் இடிப்பது இதுதான். இந்த வேலையை முடியுங்கள்.

4. உங்கள் மில் அடுத்த பருவம் திறக்குமா, மூடினால் அடுத்த மில்லுக்கு லாரிச் செலவு டன்னுக்கு எவ்வளவு என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். வார்ட்பர்க் லுத்தரன் விவசாயியும் ஸ்டேங்கர் தமிழ் விவசாயியும் ஒரே விலைக் கணக்கில்தான் நிற்கிறார்கள், அந்தக் கணக்கில் 30 கிலோமீட்டர் கூடுதல் லாரி ஓட்டம் லாபத்தைத் தின்றுவிடும்.